செக் இன்ஜின் லைட் எரியுதா, வண்டி உதறுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

லோடு ஏத்தியாச்சு, கயிறு கட்டியாச்சு. சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால், ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்த உடனே இன்ஜின் உதற ஆரம்பிக்கிறது. ஆர்.பி.எம். முள் 700-க்கும் 1,000-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. மீட்டர் போர்டில் மஞ்சள் கலரில் இன்ஜின் படம் போட்ட அந்த லைட் வேறு அணையாமல் முறைக்கிறது. என்ன செய்வீங்க?

நம்மில் பலர் செய்வது இதுதான். பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். "சென்சார் போயிருக்கும் தம்பி, மாத்திடலாம்" என்பார்கள். மாத்துவோம். லைட் அணையும். மூணாவது நாள் மறுபடி எரியும். அடுத்து இன்னொரு சென்சார். அப்புறம் இன்ஜெக்டர். அப்புறம் பம்ப். எல்லாம் மாத்தின பிறகு பார்த்தால், வெடிப்பு விட்ட ஒரு ரப்பர் டியூப்தான் காரணமாக இருக்கும்.

சொந்த உபயோகத்துக்கான கார் என்றால் இது பணத்தோடு போகும் தலைவலி. தண்ணி கேன், காய்கறி, பந்தல் சாமான், ஃபுட் டிரக் என்று ஒரு பழைய பிக்கப்பை நம்பித் தொழில் நடக்கிற வீட்டில் இது வேற லெவல் பிரச்னை. வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும், இ.எம்.ஐ. நிற்காது. அதனால், லைட் எரிந்தால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதை முதலில் செலவு செய்யக் கூடாது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரியும்.

நாம் பேசப்போவது பி.எஸ்-4 காலத்து டீசல் பிக்கப் வண்டிகளைப் பற்றி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரயில் டீசல் இன்ஜின், அதாவது எல்லோரும் 'சி.ஆர்.டி.ஐ.' என்று சொல்கிற வகை. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது.

அந்த லைட் எதுக்காக வந்துச்சு?

இதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. செக் இன்ஜின் லைட் முதலில் கட்டாயமானது டிரைவரின் வசதிக்காக இல்லை, ஊர்க் காற்றுக்காக. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் வாகனப் புகையால் மூச்சுத் திணறிய காலம் அது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதானால் வண்டியே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று அந்த மாகாணம் 1988 மாடல் வண்டிகளில் இருந்து விதி கொண்டுவந்தது. அப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு மொழி. 1996-ல்தான் அமெரிக்கா முழுக்க விற்கும் கார்களுக்கும் சிறிய டிரக்குகளுக்கும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி கோடு எண்கள் என்று ஆனது. அதன் பெயர்தான் ஓ.பி.டி-2.

இந்தியாவில் பி.எஸ்-4 நான்கு சக்கர வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் ஓ.பி.டி-1, 2013 ஏப்ரலில் ஓ.பி.டி-2 என்று படிப்படியாக வந்தது. நாடு முழுக்க பி.எஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில். அதனால் உங்கள் பழைய பிக்கப் இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டுக்கு அடியில் அந்த 16 பின் சாக்கெட் இருக்க வாய்ப்பு அதிகம்.

அதில் சொருகும் ப்ளூடூத் அடாப்டர் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கிறது. போனில் ஒரு ஆப் போட்டால் போதும், கோடைப் படிக்கலாம். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மலிவான அடாப்டர் எல்லா வண்டியோடும் பேசிவிடாது. சில பழைய கமர்ஷியல் வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேண்டும். இரண்டு, பெரிய லாரிகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் காருக்கான அடாப்டரை அதில் சொருகினால் அடாப்டர் கருகிப்போகலாம். அந்த லாரிகளில் கோடு எழுதும் முறையும் வேறு.

கோடை எப்படிப் படிக்கிறது?

ஆப்பில் ஒரு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் வரும். உதாரணம்: பி0087. முதல் எழுத்து 'பி' என்பது பவர்டிரெய்ன், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும். ஏர்பேக், பிரேக், வயரிங் நெட்வொர்க் போன்றவற்றுக்கு வேறு எழுத்துகள் உண்டு.

அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. அதை இன்டர்நெட்டில் தேடும்போது வண்டியின் மாடல் பெயரையும் சேர்த்துத் தேடுங்க. இல்லையென்றால் வேறு யாரோ ஒரு வண்டியின் நோயை உங்கள் வண்டி மேல் ஏற்றிவிடுவீங்க.

அதற்கு அடுத்த இலக்கம் எந்த ஏரியா என்று சொல்லும். 0, 1, 2 என்றால் எரிபொருள், காற்று சம்பந்தப்பட்டவை. 3 என்றால் எரிதல், மிஸ்ஸிங், அதை அளக்கும் சென்சார்கள். 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. 5 என்றால் வேகம், ஐட்லிங். 6 என்றால் கம்ப்யூட்டரும் அதன் மின்சாரமும். 7, 8, 9 என்றால் கியர்பாக்ஸ். கடைசி இரண்டு இலக்கம் குறிப்பான புகார்.

புகார் என்ற வார்த்தையைக் கவனிங்க. மொத்தக் கட்டுரையும் அதில்தான் இருக்கு.

கோடு என்பது எஃப்.ஐ.ஆர். மாதிரி!

ஒரு எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டால் அவர் குற்றவாளி என்று ஆகிவிடாது, இல்லையா? என்ன நடந்தது என்று எழுதியிருப்பார்கள். விசாரணை அதற்கு அப்புறம்தான். கோடும் அப்படித்தான். இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யூ., தனக்கு வந்த வோல்ட்டேஜ் எதிர்பார்த்த அளவில் இல்லை என்று ஒரு புகார் எழுதி வைக்கிறது. யார் மேல் தப்பு என்று அதற்குத் தெரியாது.

பி0118-ஐ எடுத்துக்கொள்வோம். 'கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட், அதிக வோல்ட்டேஜ்' என்று வரும். உடனே "சென்சார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால், அந்த சர்க்யூட் வேலை செய்யும் விதம் தெரிந்தால் வேறு சந்தேகம் வரும். இ.சி.யூ. 5 வோல்ட் அனுப்புகிறது. சூடு ஏற ஏற சென்சார் அதில் அதிகமாக எர்த்துக்கு இழுத்துவிடும், வோல்ட்டேஜ் குறையும். வோல்ட்டேஜ் குறையவே இல்லை, 5-லேயே நிற்கிறது என்றால் இரண்டு சாத்தியம். சென்சார் உள்ளே அறுந்திருக்கலாம். அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கலாம், பிளக் கழன்றிருக்கலாம். ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு வந்து படுக்கிற எலி கடித்த வயரும் இதே கோடைத்தான் கொடுக்கும்.

அப்போது ஆப்பில் லைவ் டேட்டாவைப் பார்த்தால் கூலன்ட் டெம்பரேச்சர் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சேலத்து சித்திரை வெயிலில் மைனஸ் 40! வயர் விட்டு விட்டு ஒட்டினால் ஒரு நிமிஷம் 80 டிகிரி, அடுத்த நிமிஷம் மைனஸ் 40. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி இ.சி.யூ. டீசலைக் கூட்டும், அடுத்து சூடாகிவிட்டது என்று குறைக்கும். ஐட்லிங் ஏறி இறங்க அதுவே போதும். இங்கே புது சென்சார் வாங்கினால் பணம் போகும், பிரச்னை அப்படியே இருக்கும். முழங்கை நீள வயரும் இன்சுலேஷன் டேப்பும்தான் மருந்து.

இன்னொன்று. ஒரே சமயத்தில் நாலைந்து சென்சார் கோடு வந்தால், நாலைந்து சென்சார் ஒன்றாகச் செத்தது என்று நம்பாதீங்க. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனையும் ஒரே எர்த்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் தப்பாகப் பேசும். முதலில் பேட்டரி, எர்த் கேபிள், பொதுவான பிளக் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்க.

ஐட்லிங் ஏன் தடுமாறுது?

நாலு சிலிண்டர் இன்ஜினை நாலு பேர் தூக்கும் பல்லக்கு என்று நினைத்துக்கொள்ளுங்க. வேகமாக நடக்கும்போது ஒருவர் கொஞ்சம் சோர்ந்தாலும் வேகத்தில் தெரியாது. ஒரே இடத்தில் நிற்கும்போது ஒருவர் தளர்ந்தால் பல்லக்கு ஆடும். ஐட்லிங் என்பது அந்த நிற்கிற நேரம். அதனால்தான் ரோட்டில் ஓரளவு ஒழுங்காக ஓடும் வண்டி, சிக்னலில் நின்றால் உதறுகிறது.

டீசல் இன்ஜினில் ஐட்லிங்கைப் பிடித்து நிறுத்துவது டீசலின் அளவுதான். காமன் ரயில் என்பதில் 'ரயில்' என்றால் தடித்த ஒரு குழாய். ஹை பிரஷர் பம்ப் அதில் டீசலை அழுத்தி வைக்கும்; நாலு இன்ஜெக்டரும் அதிலிருந்து எடுத்துத் தெளிக்கும். ஐட்லிங்கிலேயே அந்த அழுத்தம் சுமார் 300 பார் இருக்கும். உங்கள் கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். லோடு இழுக்கும்போது இது 1,000 பாரையும் தாண்டும்.

இ.சி.யூ. கிராங்க் சென்சார் வழியாக ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிறது. ஒரு சிலிண்டர் தளர்ந்தால் அதற்குக் கொஞ்சம் அதிக டீசல், வேகமாக இருப்பதற்குக் கொஞ்சம் குறைவு என்று சமன் செய்கிறது. இந்தத் திருத்தத்தை நல்ல ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாகப் பார்க்கலாம். மூன்று சிலிண்டருக்கு ஒட்டியே இருக்கும் எண், ஒன்றுக்கு மட்டும் எக்கச்சக்கமாக விலகி இருந்தால் தளர்ந்த ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிடுங்க. வண்டி உதறுகிறது, ஆனால் ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்கிறது, இன்ஜின் சத்தமும் சீராக இருக்கிறது என்றால் பிரச்னை இன்ஜின் எரிதலில் இல்லாமலும் இருக்கலாம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்தாலும் கேபின் இப்படித்தான் அதிரும். மவுன்ட்டைப் பார்க்க ஸ்கேனரே தேவையில்லை, ஒரு டார்ச் லைட் போதும்.

அழிக்காதீங்க... முதல்ல போட்டோ எடுங்க!

கோடு வந்ததும் ஆப்பில் 'கிளியர்' பட்டனை அமுக்கத் தோன்றும். வேண்டாம். கோடு பதிவான நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று இ.சி.யூ. ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஆப்பில் இருக்கும். ஆர்.பி.எம். எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பல வண்டிகளில் பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டினாலும் இதே கதிதான்.

அதனால் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. கூடவே இந்தக் கேள்விகளுக்கான பதிலையும் நோட்டில் எழுதுங்க: காலையில் குளிர்ந்திருக்கும்போது உதறுதா, சூடானதும் உதறுதா? மழை பெய்த பிறகு வந்ததா? டீசல் அடித்த மறுநாள் வந்ததா? சர்வீஸ் விட்ட பிறகு வந்ததா? மேடு ஏறும்போது இழுவை குறையுதா? புகை கறுப்பா, வெள்ளையா?

இந்தப் பதில்கள் ஒரு நல்ல மெக்கானிக்குக் கோடை விட அதிகம் சொல்லும். "ஃபில்டர் மாத்தின மறுநாள்ல இருந்து" என்று நீங்க சொன்னாலே, அவர் நேராக ஃபில்டரின் ரப்பர் ரிங்கைத்தான் பார்ப்பார்.

பி0087: சில நூறா, பல ஆயிரமா?

பழைய பிக்கப்பில் ஐட்லிங் தடுமாற்றத்தோடு அடிக்கடி கூட வருவது பி0087. 'ரயில் பிரஷர் குறைவு' என்று அர்த்தம். பிரஷர் உண்டாக்குவது பம்ப்தானே, அதனால் பம்ப் போச்சு என்று முடிவு கட்டுவது சுலபம். பம்ப்பும் இன்ஜெக்டர்களும் பல்லாயிரம் ரூபாய் விஷயம். அதற்கு முன்னால் விலை குறைந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழிக்க வேண்டும். வரிசை இது:

1. டீசல் ஃபில்டர். அடைத்துப்போன ஃபில்டர் வழியாக பம்ப்புக்குப் போதுமான டீசல் போகாது. ஃபில்டருக்கு அடியில் தண்ணீரை வடிக்கும் திருகு இருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்க. அடியில் தண்ணீர் தனியாக நின்றால் கேஸ் பாதி முடிந்தது.

2. காற்று. டேங்கில் இருந்து பம்ப் வரை டீசல் வரும் பாதையில் ஒரு ரப்பர் டியூப் வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ, டீசலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஏனென்றால் அங்கே உறிஞ்சல்தான் நடக்கிறது. ஃபில்டருக்குப் பிறகு ஒரு கண்ணாடி போன்ற டியூபைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

3. லைவ் டேட்டா. இ.சி.யூ. கேட்கும் பிரஷர், உண்மையில் இருக்கும் பிரஷர் என்று இரண்டு எண்கள் ஸ்கேனரில் வரும். இரண்டும் ஒட்டியே ஓட வேண்டும். கேட்பது சீராக இருந்து, உண்மையான எண் மட்டும் மேலும் கீழும் அலைந்தால், பம்ப்புக்குள் டீசல் விடும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொள்கிறதா என்று சந்தேகப்படலாம். ஐட்லிங் ஊஞ்சல் ஆடுவதற்கு இது அடிக்கடி காரணம். பல பம்ப்புகளில் அந்த வால்வை மட்டும் தனியாக மாற்ற முடியும்.

4. ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். மெக்கானிக் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் நாலு பாட்டிலில் விட்டு, சில நிமிஷம் ஐட்லிங்கில் ஓட விடுவார். மூன்று பாட்டிலில் கொஞ்சம், ஒன்றில் மட்டும் நிறைய என்றால் அந்த ஒரு இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. பம்ப் ஏற்றும் பிரஷரை அது ஓட்டை வாளி மாதிரி வடித்துக்கொண்டிருக்கிறது. நாலையும் மாற்றத் தேவையில்லை என்பதும் இங்கே தெரியும்.

5. பிரஷர் சென்சார், அதன் வயர், ரயிலின் முனையில் இருக்கும் ரிலீஃப் வால்வு. இவற்றையும் பார்த்த பிறகுதான் பம்ப்.

இந்த ஐந்தையும் பார்க்க அரை நாள் ஆகலாம். கடைசியில் பம்ப்தான் என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. தெரிந்தே செலவு செய்கிறீங்க, குருட்டாம்போக்கில் இல்லை.

உதறலோடு வரும் வேறு சில கோடுகள்

பி0401, பி0402: இது இ.ஜி.ஆர். சமாச்சாரம். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்ஸைடு புகையைக் குறைக்கும் வால்வு. பழைய டீசலில் இதில் கரி அப்பிக்கொள்ளும். பாதை அடைத்தால் முதல் கோடு. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இரண்டாவது. அப்போது ஐட்லிங்கில் காற்று பத்தாமல் உதறும், கறுப்புப் புகை தள்ளும். பெரும்பாலும் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். "தகடு வெச்சு அடைச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீங்க. அது மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை முடக்குவது; விதிமீறல். அந்தப் புகை உங்க தெருவிலேதான் சுத்தும்.

பி0101: உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கு இடிக்கிறது. சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்க. ஹோஸைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குத் திட்டாகத் தெரிந்தால் அங்கேதான் காற்று கசிகிறது.

பி0335: கிராங்க் சென்சார் சர்க்யூட். சூடானதும் சட்டென்று ஆஃப் ஆகி, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இதைச் சந்தேகிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளிகூட அசையவில்லை என்றால் அதுவும் ஒரு துப்பு.

பி0380: குளோ பிளக் சர்க்யூட். காலையில் மட்டும் சிரமம், சில நிமிஷம் உதறல், வெள்ளைப் புகை, அப்புறம் எல்லாம் சரி என்றால் இந்தப் பக்கம் பாருங்க.

பெட்ரோல் வண்டியா?

பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் இருக்கும் வண்டியில் காசே செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இன்ஜினை ஆஃப் செய்து, மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் முதல் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. கோடு பி0301 என்று மாறினால், குற்றவாளி காயில். பி0303 அப்படியே இருந்தால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்ததைப் பார்க்கலாம்.

பி0171 வந்து ஐட்லிங்கும் நிற்கவில்லை என்றால், கணக்கில் வராத காற்று எங்கேயோ உள்ளே நுழைகிறது என்பது முதல் சந்தேகம். இன்டேக் பக்கம் இருக்கும் சின்ன வேக்குவம் டியூப்களில் வெடிப்பைத் தேடுங்க. த்ராட்டில் பாடியில் அழுக்கு அப்பியிருந்தாலும் ஐட்லிங் தடுமாறும்.

பெட்ரோல் வண்டியில் அந்த லைட் விட்டு விட்டு மின்னினால் அசட்டையாக ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் ஓரம் கட்டுங்க. ஆயில் லைட்டோ, டெம்பரேச்சர் லைட்டோ சிவப்பாக எரிந்தால் பெட்ரோல், டீசல் எதுவானாலும் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

கையை வைக்கக் கூடாத இடம்

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் ஒரு டெக்னிக் இருந்தது. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அனுபவசாலிகள் சிலர் பழக்கத்தில் காமன் ரயில் இன்ஜினிலும் இதைச் செய்யப் போவார்கள். தடுத்து நிறுத்துங்க. 300 பாரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஒரு அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துப் பாருங்க. எந்த சிலிண்டர் தளர்ந்திருக்கிறது என்று பார்க்க, ஸ்கேனரிலேயே ஒவ்வொரு இன்ஜெக்டரையும் ஆஃப் செய்யும் வசதி இருக்கிறது.

மெக்கானிக்கிட்ட எப்படிப் பேசலாம்?

நாலு கோடு தெரிந்துவிட்டது என்று போய் அவருக்கே பாடம் எடுக்காதீங்க. கேள்வியாகக் கேளுங்க.

"அண்ணே, ஸ்கேன்ல என்ன கோடு வந்துச்சு? ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"பம்ப்னு எப்படிண்ணே முடிவு பண்ணீங்க? ரிட்டர்ன் பாத்தாச்சா?"

"மாத்துற பழைய பார்ட்ஸைக் குடுத்துடுங்கண்ணே."

மூன்றுமே மரியாதையான கேள்விகள். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். "நல்லா கேட்டீங்க தம்பி" என்று பாட்டிலைக் காட்டி விளக்குவார். பதில் சொல்லாமல் மழுப்பினால் உங்களுக்கும் ஒரு விஷயம் புரிந்துவிடும்.

இதில் நம் பக்கமும் ஒரு தப்பு இருக்கு. பார்ட்ஸுக்கு எட்டாயிரம் கொடுக்கத் தயங்காத நாம், "சும்மா பார்த்ததுக்கு ஐந்நூறா?" என்று கேட்போம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடைக்காது என்றால், மாற்றுவதில்தான் அவர் சம்பாதித்தாக வேண்டும். அரை நாள் உட்கார்ந்து வெடித்த டியூபைக் கண்டுபிடித்தவருக்கு, டியூபின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறை அவரும் பம்ப் என்றுதான் சொல்வார். பார்ப்பதற்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி, சந்தோஷமாகக் கொடுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

தொழில் ஆரம்பிக்க ஒரு பழைய பிக்கப் பார்க்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிங்க. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்க, ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பையே யாரோ பிடுங்கியிருக்கலாம்.

அடுத்து, அடாப்டரைச் சொருகி 'கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்பதைப் பாருங்க. எல்லா வண்டியும் இதைக் காட்டாது. காட்டினால், 4 கிலோமீட்டர் என்று இருந்தால், உங்களை எதிர்பார்த்து காலையில்தான் துடைத்திருக்கிறார்கள். 'ரெடினஸ்' பக்கத்தில் பல சோதனைகள் முடியாமல் இருப்பதும் அதே கதையைச் சொல்லும்.

மூன்றாவது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்க. முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி பல நோய்களை மறைத்துவிடும்.

வண்டி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, இப்போதைக்கு நல்லாத்தான் ஓடுது என்றால், இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்க. இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் நிறுத்தி ஆர்.பி.எம்., கூலன்ட் டெம்பரேச்சர், பேட்டரி வோல்ட்டேஜ், அடாப்டர் காட்டினால் ரயில் பிரஷர் ஆகியவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வையுங்க. பேட்டரி வோல்ட்டேஜ் ஓடும்போது பொதுவாக 13.8-ல் இருந்து 14.5 வரை இருக்கும். மற்ற எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். நாளைக்கு உதறல் வந்தால், நல்லா இருந்தப்போ எவ்வளவு இருந்தது என்று மெக்கானிக் கேட்பார். அந்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுங்க.